அத்தியாயம் 6: வீட்டிலேயே மின்னேற்றம் – திருமயம் போன்ற ஊர்களுக்கு ஒரு செயல்முறை

6.1 தேவை எது?

மின்வாகனம் வாங்க எண்ணும் குடும்பம் பெரும்பாலும் வண்டியின் விலையையும் அது ஓடும் தூரத்தையும் பற்றியே விசாரிக்கிறது. ஆனால் வாங்கிய வண்டி நாள்தோறும் கைகொடுக்குமா என்பதைத் தீர்மானிப்பது, வீட்டில் அதற்கு மின்னேற்றம் செய்ய, அதாவது சார்ஜ் போட, பாதுகாப்பான ஓர் இடம் உண்டா என்பதே. சொந்தக் கார் நிறுத்துமிடமும் புதிய மின்கம்பி அமைப்பும் உள்ள வீட்டுக்கு இது பெரிய சிக்கல் அன்று. தெருவை ஒட்டித் திண்ணையோடு முடியும் வரிசை வீடு, ஒரே மின் இணைப்பைப் பல குடித்தனங்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகை வீடு, வண்டி கீழேயும் குடும்பம் மேலேயும் இருக்கும் மாடி வீடு ஆகியவற்றில்தான் சிக்கல் தொடங்குகிறது.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் சாலையில், இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில், ஒவ்வொன்றுக்கும் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள திருமயத்தில் மேற்சொன்ன வீட்டு வகைகள் அனைத்தும் உண்டு. வட்டத் தலைநகராக இருப்பதாலும், பாரத மிகுமின் நிறுவனத்தின் குழாய்த் தயாரிப்புப் பிரிவு இங்கே இயங்குவதாலும், வேலைக்காகவும் படிப்புக்காகவும் இரு நகரங்களுக்கும் இடையே நாள்தோறும் சென்று திரும்புவோர் பலர். அன்றாடப் பயணத் தூரம் நிலையாகவும் குறைவாகவும் இருக்கும் இத்தகைய ஊர், மின்வாகனத்துக்கு இயல்பாகவே பொருந்தக்கூடியது. விலை உயர்ந்த மின்னேற்றப் பெட்டி இந்த ஊரின் முதல் தேவை அன்று என்பதும், முறையாக இழுக்கப்பட்ட ஒரு 16 ஆம்பியர் பாயின்ட், உண்மையிலேயே வேலை செய்யும் எர்த், கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி, வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் ஆகிய நான்கும் கிடைத்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு வழி திறந்துவிடும் என்பதும் இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு.

6.2 எவ்வளவு மின்சாரம்?

மின்சாரத்தை அளக்கும் ‘யூனிட்’ என்பது ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடும்போது செலவாகும் ஆற்றல். மின் ஸ்கூட்டர் ஒன்று கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 வாட்-மணி ஆற்றலைச் செலவிடுகிறது எனக் கொண்டால், திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போய்வரும் 40 கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் தேவைப்படும். மின்னேற்றத்தின்போது வெப்பமாக வீணாகும் பகுதியையும் சேர்த்தால் இது 1.4 யூனிட் ஆகும். மின்கட்டணம் கணக்கிடப்படும் இரண்டு மாதத்தில் 50 வேலைநாள்கள் எனக் கொண்டால், மொத்தம் 70 யூனிட். சிறிய மின் கார் ஒன்று கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 130 வாட்-மணி எடுத்துக்கொள்ளும் என்பதால், அதே பயணத்துக்கு நாளொன்றுக்கு 6 யூனிட்டும் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டும் ஆகும்.

பாயின்ட்டின் திறனைத் தேர்வு செய்வதற்கும் இந்தக் கணக்கே அடிப்படை. ஸ்கூட்டருக்கான சார்ஜர் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்கும் குறைவாகவே, அதாவது ஒரு இஸ்திரிப் பெட்டியின் அளவுக்கே, மின்சாரம் இழுக்கிறது. காருடன் தரப்படும் கையடக்கச் சார்ஜர் 16 ஆம்பியர் பாயின்ட்டில் சுமார் 3 கிலோவாட் வரை இழுக்கும். அதன்மூலம் 40 கிலோமீட்டர் பயணத்துக்கான மின்சாரம் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும், இரவு முழுவதும் விட்டுவைத்தால் 150 கிலோமீட்டருக்குப் போதுமானது ஏறிவிடும். எனவே சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் பெட்டி, நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடும் வாடகைக் காருக்கோ ஒரே வீட்டில் இரண்டு கார் வைத்திருப்போருக்கோ மட்டுமே தேவைப்படும்.

6.3 சட்டம் தரும் இடம்

வீட்டு இணைப்பில் வண்டிக்குச் சார்ஜ் போட்டால் மின்வாரியம் அபராதம் விதிக்கும் என்ற அச்சம் சிலரிடம் உண்டு. அதற்கு அடிப்படை இல்லை. 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட விளக்கம், மின்வாகனத்துக்கு மின்னேற்றம் செய்வது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி மின்சார விற்பனை ஆகாது என்றும், அதற்கு உரிமம் தேவையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. 2022 ஜனவரியில் அதே அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாகன உரிமையாளர் தம் வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே உள்ள மின் இணைப்பைக் கொண்டே மின்னேற்றம் செய்துகொள்ளலாம் என வெளிப்படையாகக் கூறின. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், விரும்புவோர் மின்வாகனத்துக்கென்றே தனி இணைப்புக் கேட்டுப் பெறவும் வழி செய்கின்றன; அதே திருத்தம் புதிய இணைப்பு வழங்குவதற்கான கால வரம்பைப் பெருநகரங்களில் 3 நாள், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், ஊரகப் பகுதிகளில் 15 நாள் எனக் குறைத்தது.

இந்தச் சலுகை சொந்த வண்டிக்கு உரியது. பிறர் வண்டிகளுக்குக் கட்டணம் பெற்று மின்னேற்றம் செய்யத் தொடங்கினால் உரிமம் தேவைப்படாது. ஆனால் அந்த இணைப்பு வீட்டுக் கட்டண வகையிலிருந்து வேறு வகைக்கு மாறிவிடும் என்பதால், முன்கூட்டியே மின்பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இணைப்புக்கென ஒப்புக்கொள்ளப்பட்ட மின்பளுவையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஒருமுனை இணைப்பு வழக்கமாக 4 கிலோவாட் வரையிலான பளுவுக்கே தரப்படுவதால், குளிர்சாதனமும் தண்ணீர் மோட்டாரும் உள்ள வீட்டில் 3 கிலோவாட் கார் சார்ஜரும் சேரும்போது பளுவை உயர்த்தவோ மும்முனை இணைப்புக்கு மாறவோ நேரும். அதுவரை மோட்டாரும் சார்ஜரும் ஒரே நேரத்தில் ஓடாதபடி நேரம் பிரித்துக்கொள்வது செலவில்லாத இடைக்கால ஏற்பாடு.

6.4 பாறை நிலமும் எர்த்தும்

திருமயத்தில் வீட்டு மின்னேற்றத்தின் கடினமான பகுதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. 1687இல் சேதுபதி ஆட்சியில் கட்டப்பட்ட கோட்டையும், சத்தியகிரியில் குடையப்பட்ட சிவன், பெருமாள் கோயில்களும் நிற்பது ஒரே கருங்கல் குன்றின்மீது. அந்தப் பாறையின் தொடர்ச்சி சுற்றுப்புறத்தில் பல இடங்களில் மேல்மட்டத்திலேயே தட்டுப்படுகிறது. எர்த் என்பது கருவியின் உலோக உடலை மண்ணோடு இணைக்கும் பாதை. கருவிக்குள் மின்கசிவு ஏற்படும்போது மின்னோட்டம் மனித உடல் வழியாகச் செல்லாமல் இந்தப் பாதையில் இறங்க வேண்டும். ஈரமான களிமண்ணில் இப்பாதையின் மின்தடை குறைவாக இருக்கும். உலர்ந்த பாறையிலும் சரளையிலும் அது பல மடங்கு உயரும், கோடையில் மேலும் கூடும்.

இதன் விளைவை ஒரு கணக்கு தெளிவாக்கும். எர்த்தின் தடை 20 ஓம் எனில், 230 வோல்ட் மின்சாரம் உலோக உடலில் கசியும்போது மண்ணுக்குள் பாயும் மின்னோட்டம் 11.5 ஆம்பியர் மட்டுமே. 16 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச், இந்த மின்னோட்டத்தைச் சாதாரணப் பயன்பாடாகவே கருதும். அது உடனடியாக விழ 80 ஆம்பியருக்கும் மேல் பாய வேண்டும் என்பதால், வண்டியைத் தொடுபவர் ஆபத்தில் இருக்கும்போதும் சுவிட்ச் விழாது. இதனால்தான் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பி இந்த ஊருக்குக் கட்டாயத் தேவையாகிறது. உள்ளே செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று இது இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்த்து, 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு வேறுபட்டாலும் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

ஆர்.சி.சி.பி. இருப்பது எர்த்தை அலட்சியம் செய்ய அனுமதி ஆகாது. இரண்டும் சேர்ந்தே காப்பு. எர்த் இல்லாததைக் கண்டறிந்து மின்னேற்றத்தையே தொடங்க மறுக்கும் கார் சார்ஜர்களும் உண்டு. பாறை நிலத்தில் நல்ல எர்த் அமைக்கப் பின்வரும் வழிகள் உள்ளன. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 3043 குழாய் எர்த்துக்குக் குறைந்தது 2.5 மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைப் பரிந்துரைக்கிறது. அந்த ஆழத்துக்கு முன்பே பாறை குறுக்கிட்டால் குழாயைச் செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மிகாமல் சாய்த்துப் புதைக்கலாம். ஒரே குழியால் தடை குறையாவிட்டால், ஒன்றுக்கொன்று போதிய இடைவெளி விட்டு இரண்டு அல்லது மூன்று குழாய்களைப் புதைத்து ஒன்றாக இணைக்கலாம். மேல்மண் மட்டுமே உள்ள இடத்தில், வீட்டின் நீளத்துக்கு ஆழமற்ற வாய்க்கால் தோண்டி உலோகப் பட்டையைக் கிடையாகப் பதிப்பது பயன் தரும். குழியைச் சுற்றி ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் இடுவதும், கோடையில் தண்ணீர் ஊற்றுவதும் துணை செய்யும். வேலை முடிந்தபின் எர்த் டெஸ்டர் கொண்டு அளந்து, எண்ணைக் குறித்து வாங்க வேண்டும். அந்த அளவு கோடையில் எடுக்கப்பட்டதாக இருந்தால் மேலும் நம்பகமானது. எர்த் கிடைக்கவில்லை என்பதற்காக பாயின்ட்டின் எர்த் முனையை நியூட்ரல் கம்பியோடு இணைத்துவிடும் குறுக்குவழியை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது. தெருக்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் அந்த வண்டியின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறும்.

கோட்டையின் அருகில் வசிப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உள்ளன. வீட்டுச் சுவரில் பாயின்ட் வைப்பதற்கும் கார் கொட்டகை கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து, கொட்டகையோ தோண்டும் வேலையோ திட்டமிடுவோர் முதலில் துறையிடம் கேட்டுத் தெளிவதே முறை.

6.5 தனிச் சுற்று

மின்னேற்றப் பாயின்ட்டுக்கு மெயின் போர்டிலிருந்து நேரடியாக வரும் தனிச் சுற்று வேண்டும்; அடுக்களையிலிருந்தோ குளியலறை ஹீட்டரிலிருந்தோ கிளை பிரிக்கக் கூடாது. மிக்சி சில நிமிடங்களே ஓடுகிறது. சார்ஜர் பல மணி நேரம் இடைவிடாமல் இழுப்பதால், தளர்ந்த திருகும் மெலிந்த கம்பியும் மெல்ல மெல்லச் சூடேறி உருகும். ஸ்கூட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், காருக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் பொருத்தமான அளவுகள். சுற்றின் தொடக்கத்தில் உரிய எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் ‘ஏ’ வகை ஆர்.சி.சி.பி.யும் இருக்க வேண்டும். சாதாரண ‘ஏசி’ வகைத் துண்டிப்பி, மின்னணுச் சார்ஜர்களில் உண்டாகும் துடிப்புடைய நேர்மின் கசிவைச் சரியாக உணராது என்பதால் இந்த வேறுபாட்டைக் கடையிலேயே கேட்டு வாங்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்ப்பது வீட்டார் கடமை.

நாள்தோறும் செருகி எடுக்கும் இடம் என்பதால், காருக்கு வீட்டுச் சாக்கெட்டை விட நீலநிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் உறுதியானது. அதை வைக்குமுன் சார்ஜரின் பிளக் அதற்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஜங்ஷன் பாக்ஸ் வழியாகவோ சன்னலில் தொங்கவிட்ட நீட்டிப்புக் கம்பி வழியாகவோ மின்னேற்றம் செய்வது தீ விபத்துக்கு வழி செய்யும் பழக்கம். அரசு உரிமம் பெற்ற கம்பியாளரிடம் வேலையை ஒப்படைத்து, பயன்படுத்திய பொருள்களின் ரசீதையும் எர்த் அளவையும் பெற்று வைத்துக்கொள்வது, பின்னர் வண்டி நிறுவனத்திடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ உரிமை கோர உதவும்.

6.6 திண்ணை வீடு, வாடகை வீடு, மாடி வீடு

திண்ணை வீட்டில் பாயின்ட்டுக்கு ஏற்ற இடம் திண்ணையின் உட்புறச் சுவர்: தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில், சாரல் படாத மூடியுள்ள பெட்டிக்குள், பூட்டும் வசதியுடன், வீட்டுக்குள்ளிருந்து அணைக்கத்தக்க சுவிட்ச்சோடு அமைக்க வேண்டும். வண்டியைத் திண்ணைக்கு அணைத்து நிறுத்தினால் கேபிள் நடப்போர் காலில் படாது. தெருவின் மறுபக்கம் நிற்கும் வண்டிக்குக் கேபிளைக் குறுக்கே இழுப்பது கூடவே கூடாது. நடைபாதையைத் தாண்ட வேண்டிய இடங்களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில், நடைபாதைக் கற்களுக்கிடையே மூடியுள்ள குறுகிய வாய்க்கால் பதித்து அதற்குள் கேபிளைச் செலுத்தும் முறையைச் சோதித்துள்ளனர். வாசலுக்கும் சாலைக்கும் இடையே மூடிய வடிகால் செல்லும் தெருக்களில், உள்ளாட்சியின் இசைவோடு இதைப் போன்ற அமைப்பை எண்ணிப் பார்க்கலாம்.

வாடகை வீட்டில் தடையாக இருப்பது பெரும்பாலும் கணக்கு பற்றிய ஐயமே. வண்டியால் மின்கட்டணம் எவ்வளவு கூடியது என்பது தெரியாதபோது வீட்டுக்காரர் மறுப்பதும், குடியிருப்பவர் கேட்கத் தயங்குவதும் இயல்பு. மின்னேற்றச் சுற்றில் மட்டும் ஒரு துணை மீட்டர் பொருத்தினால் இந்த ஐயம் தீரும். பாயின்ட் அமைக்கும் செலவு யாருடையது, காலி செய்யும்போது அது யாருக்குச் சேரும், யூனிட்டுக்கு என்ன கணக்கு, பழுது பார்ப்பது யார் பொறுப்பு ஆகிய நான்கையும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தம், மின்னேற்ற வசதி அமைக்க வீட்டுக்காரரிடம் இசைவு கோரும் உரிமையைக் குடியிருப்போருக்கு அளித்திருக்கிறது. நம் ஊரில் அத்தகைய உரிமைக்குக் காத்திராமல், ஒப்பந்தத்தின் வழியாகவே அதே பயனை அடையலாம்.

மாடியில் குடியிருந்து, கீழே பாயின்ட் வைக்க இடமில்லாதோருக்குக் கழற்றி எடுக்கும் பேட்டரி உள்ள ஸ்கூட்டர் பொருத்தமானது. பேட்டரியை மேலே கொண்டு சென்று சார்ஜ் போடும்போது படுக்கையறை, மாடிப்படியின் அடிப்பகுதி, வெளியேறும் ஒரே வாசலின் அருகு ஆகிய இடங்களைத் தவிர்த்து, காற்றோட்டமுள்ள இடத்தில் கல் தரையின்மீது வைக்க வேண்டும். 2022இல் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர் பேட்டரிகள் தீப்பற்றியதை அடுத்துக் கடுமையாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்புத் தரத்தின்படி தயாரிக்கப்பட்ட வண்டியா என்பதை வாங்கும்போதே உறுதி செய்துகொள்வது அவசியம்.

6.7 கட்டணமும் கூரைச் சூரிய மின்சாரமும்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாக யூனிட் விலை உயர்கிறது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி, கீழ்ப்படியில் கிடைத்த குறைந்த விலையின் ஒரு பகுதியையும் குடும்பம் இழக்கிறது. ஸ்கூட்டருக்கான 70 யூனிட் பெரும்பாலான வீடுகளில் இந்த எல்லையை எட்டாது. காருக்கான 300 யூனிட்டோ, ஏற்கெனவே 300 யூனிட் செலவிடும் வீட்டை 600க்குக் கொண்டு சென்றுவிடும். எனவே கார் வாங்குவோர் கடந்த ஓராண்டின் ஆறு மின்கட்டணங்களையும் எடுத்து வைத்து, இந்த எண்ணைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லையைத் தாண்டுமெனில், மின்வாகனத்துக்கான தனி இணைப்பையோ கூரைச் சூரிய மின்சாரத்தையோ ஒப்பிடலாம். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சூரியத் தகடுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தருகின்றன. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ. 30,000 வீதமும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புக்கு மொத்தம் ரூ. 78,000மும் மானியம் வழங்குகிறது.

6.8 வெயிலும் புயலும்

நீண்ட பயணம் முடிந்த உடனே பேட்டரி சூடாக இருக்கும். அரை மணி நேரமாவது ஆறவிட்டுச் சார்ஜ் போடுவதும், நண்பகல் வெயிலில் வெளியில் நிற்கும் வண்டிக்கு மின்னேற்றத்தைத் தவிர்ப்பதும் பேட்டரியின் ஆயுளைக் காக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது இடிமின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்து, பல ஊர்களை நாள்கணக்கில் இருளில் வைத்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் வண்டியை முழுமையாக மின்னேற்றி மேட்டுப்பாங்கான இடத்தில் நிறுத்துவதும், நீரில் மூழ்கிய பேட்டரியை நிறுவனத்தார் சோதிக்கும் வரை மின்சாரத்தோடு இணைக்காதிருப்பதும் அந்தப் பேரிடர் தரும் பாடங்கள்.

6.9 தெருவாகச் சேர்ந்து செய்யக்கூடியவை

தனித்தனியே அலையும்போது கடினமாகத் தோன்றும் வேலை, அமைப்பாகச் சேரும்போது எளிதாகிறது. தில்லி அரசு 2021 நவம்பரில் தனியார் இடங்களில் மின்னேற்றப் பாயின்ட் அமைக்க ஒற்றைச் சாளர முறையைத் தொடங்கியது. விண்ணப்பம், கருவித் தேர்வு, பொருத்துதல் ஆகியவற்றை மின்விநியோக நிறுவனங்கள் வழியாகவே 7 வேலைநாள்களில் முடிக்கவும், முதல் 30,000 பாயின்ட்டுகளுக்குத் தலா ரூ. 6,000 மானியம் தரவும் திட்டமிட்டது. அலைச்சலைக் குறைப்பதும் மானியத்துக்கு இணையான உதவி என்பதை அந்தத் திட்டம் உணர்ந்திருந்தது.

அதே கருத்தைத் திருமயத்தின் அளவுக்குச் சுருக்கிச் செயல்படுத்த முடியும். ஒரு தெருவில் ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரே கம்பியாளரைக் கொண்டு எர்த் சோதனை நடத்தினால் கருவியைக் கொண்டுவரும் செலவு பகிரப்படும். எத்தனை கார்கள் வரவிருக்கின்றன என்பதை ஒரே மனுவாகப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்தால், தெருவின் மின்மாற்றிக்கு வரும் பளுவை அவர்களும் முன்கூட்டியே கணிக்க முடியும். வேலையிடங்களில், வெளியூரிலிருந்து வருவோரின் ஸ்கூட்டர்களுக்கென்று நிழலில் சில பாயின்ட்டுகள் வைத்தால், வீட்டில் வழியில்லாத வாடகைக் குடும்பங்களுக்கும் மின்வாகனம் எட்டும் பொருளாகும்.

6.10 வேலை வரிசை

1. கடந்த ஓராண்டின் மின்கட்டணங்களையும் ஒப்புக்கொள்ளப்பட்ட பளுவையும் குறித்துக்கொள்ளுதல்.
2. அன்றாடப் பயணத் தூரத்தைக் கொண்டு தேவையான யூனிட்டைக் கணக்கிடுதல்.
3. வாடகை வீடெனில், துணை மீட்டரையும் செலவுப் பொறுப்பையும் எழுதி வீட்டுக்காரரின் சம்மதம் பெறுதல்.
4. எர்த்தின் தடையை அளந்து, தேவையெனில் புதிய குழி அமைத்தல்.
5. தனிச் சுற்று, ‘ஏ’ வகை ஆர்.சி.சி.பி., தகுந்த சாக்கெட் ஆகியவற்றை உரிமம் பெற்ற கம்பியாளர் மூலம் பொருத்துதல்.
6. முதல் மின்னேற்றத்தின்போது அரை மணிக்கு ஒருமுறை சார்ஜரை அணைத்துவிட்டு, பிளக்கும் கம்பியும் சூடேறியுள்ளனவா என்று தொட்டுப் பார்த்தல். சூடு தாங்க முடியாத அளவு இருந்தால் அங்கேயே நிறுத்துதல்.
7. மின்தடை, பளு உயர்வு, தனி இணைப்பு ஆகியவற்றுக்குப் பிரிவு அலுவலகத்தையோ ‘மின்னகம்’ நுகர்வோர் சேவை மையத்தையோ அணுகுதல்.

வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே இந்த வரிசையில் முதல் நான்கு படிகளையாவது முடித்துவிடுவது அறிவுடைமை; ஏனெனில் வண்டி வந்தபின் அவசரமாக இழுக்கப்படும் கம்பிதான் பெரும்பாலும் எர்த் இல்லாத கம்பியாக அமைந்துவிடுகிறது.